நிலவறைச் சுவரில் இரண்டு ரூபாய்

என் மகன் கடைசியாக என்னோடு பேசியது திராட்சையைப் பற்றி. ஹங்கேரியில் ஒரு போன் பெட்டிக்குள் நின்று பேசினான். நான் ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்ற் வாசலில், வேலைக்குப் போகச் சப்பாத்தும் போட்டு, கோட்டும் போட்டு நின்றிருந்தேன்.

"அம்மா, இஞ்ச எங்க பாத்தாலும் முந்திரிகைத் தோட்டம்," என்றான். யாழ்ப்பாணத்தில் நாங்கள் திராட்சையை அப்படித்தான் சொல்வோம். "ஏஜென்ற் வருமட்டும் பழம் பிடுங்குறம். சாப்பாடு தருகினம். குளிர்தான் தாங்கேலாமல் கிடக்கு."

ஊரின் பெயரைக் கேட்டேன். நிற்கும் இடத்தைப் போனில் சொல்லக் கூடாதென்று அவர்களைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். கொஞ்சம் தயங்கிவிட்டு, எதிரே ரயில் நிலையப் பலகையில் தெரிந்ததை ஆங்கில எழுத்தெழுத்தாகச் சொன்னான். டி, ஓ, கே, ஏ, ஜே. அதை எப்படி வாசிப்பதென்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நான் வாசித்த விதத்துக்குச் சிரித்தான். சிரிப்பு முடியுமுன் காசு முடிந்து லைன் அறுந்துவிட்டது.

அதன் பிறகு போன் வரவில்லை. பனி விழுந்தது, கரைந்தது. அவனைக் கூட்டிவரக் காசு வாங்கிய ஏஜென்றின் ஆள் ஒருவன் ரொறன்ரோவிலேயே இருந்தான். ஒவ்வொரு கிழமையும் அவனைக் கூப்பிட்டேன். ரூட் மாறியிருக்கிறது, ஆள் பத்திரமாக இருக்கிறார் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் நான் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். அவனுக்குக் கோபம் வரவில்லை.

"இதென்ன அன்ரி, ஸ்காபரோ பஸ்ஸே நேரத்துக்கு வாறதுக்கு?" என்றான்.

இரண்டு மாதம் கழித்து அவனுடைய நம்பரும் வேலை செய்யவில்லை. எங்களுடைய தமிழ்ப் பத்திரிகைகளில் அந்த நாட்களில் வந்த செய்திகளை எல்லோரும் வாசித்திருப்பீர்கள். பூட்டிய லொறிக்குள் மூச்சடைத்துப் போனவர்கள், ஆறு கடக்கும்போது போனவர்கள். வீட்டுக்குப் பத்திரிகை வாங்குவதை என் கணவர் நிறுத்திவிட்டார். நான் தமிழ்க் கடையில் மரக்கறி எடுக்கிற மாதிரி நின்று வாசித்துவிட்டு வருவேன்.

அவனை ஸ்பொன்சர் செய்ய எங்களுக்கு உரிமை கிடைத்தபோது அவன் அதற்கான வயதைக் கடந்துவிட்டிருந்தான். அவன் தங்கையைக் கூட்டிவர முடிந்தது, அவனை முடியவில்லை. ஆகவே இந்த வழி. புறப்படுமுன் போனில் அவனிடம் ஒன்று சொன்னேன். பயணம் போகிறவர்களுக்காக வீட்டில் காசு முடிந்து வைப்பது எங்கள் வழக்கம். மஞ்சளில் தோய்த்த துணியில் ஒரு குற்றிக்காசை முடிந்து சாமிப் படத்தடியில் வைப்போம். ஆள் போய்ச் சேர்ந்தபின் அவிழ்த்துக் கோயில் உண்டியலில் போடுவோம். அதற்குமுன் அந்த முடிச்சை யாரும் தொடுவதில்லை. வீட்டில் முடிந்து வைக்க அங்கே நான் இல்லை என்பதால், நீயே இரண்டு ரூபாய் முடிந்து மடியில் கொண்டுவா, இங்கே கோயிலில் நாங்கள் எல்லோருமாகப் போடுவோம் என்றேன். "ஓம் அம்மா, முடிஞ்சாச்சு," என்றான்.

எனக்குக் கனடாப் பாஸ்போட் கிடைத்தது அடுத்த கோடையில். கணவருடைய விண்ணப்பம் இன்னும் இழுபட்டுக்கொண்டிருந்தது. அதுவும் வந்த பிறகு இரண்டு பேருமாக அந்த ஊருக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் போனா போனை ஆர் எடுக்கிறது? நீர் போயிட்டு வாரும்," என்றார்.

செய்தி பதியும் மெசின் ஒன்று வாங்கலாமே என்று மகள் சொன்னாள். மெசினோடு பேச அவன் காசு போட மாட்டான் என்றார்.

அப்படித்தான் நான், வாழ்க்கையில் மதுவை வாயில் வைத்தறியாதவள், ஓர் ஒக்ரோபர் காலையில் புடாபெஸ்டிலிருந்து மது பார்க்கப் போகும் சுற்றுலா வான் வண்டியில் ஏறினேன். வேறு வழி தெரியவில்லை. அந்த ஊருக்குப் போக வேண்டும், அங்கே எனக்காக ஒருவர் பேச வேண்டும். இந்தப் பயணத்துக்கு ஆங்கிலம் பேசும் வழிகாட்டி உண்டென்று தங்கியிருந்த விடுதியில் சொன்னார்கள். வழிகாட்டி முப்பது வயதுப் பெண். வானில் இரண்டு ஜெர்மன் தம்பதிகள், ஓர் அமெரிக்கர், நான். தனியாக வந்திருக்கிறீர்களா, மதுவில் அவ்வளவு பிரியமா என்று அமெரிக்கர் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

சில மணி நேர ஓட்டம். பிறகு மலைச்சரிவுகள் முழுக்கத் திராட்சை, கயிறு பிடித்து நட்டதுபோல வரிசை வரிசையாக, இலைகள் மஞ்சளாகி. இங்கே இரண்டு ஆறுகள் சந்திப்பதால் இலையுதிர் காலத்தில் காலைப் பனிமூட்டம் உண்டாகும், அந்த ஈரத்தில் பழத்தில் ஒரு பூஞ்சணம் பிடிக்கும், பழம் கொடியிலேயே சுருங்கி அழுகும்வரை விட்டுவிடுவார்கள், அதற்குப் பிறகே ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிடுங்குவார்கள் என்று வழிகாட்டி சொன்னாள். ராஜாக்கள் குடித்த மதுவாம். எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் சரிவுகளில் குனிந்து நிற்கும் ஆட்களின் தலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கம்பளித் தொப்பி போட்ட ஒவ்வொரு தலையும் திரும்பும்வரை பார்த்தேன். ஒரு வருடம் கழித்து அவன் அங்கே குனிந்து நிற்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பார்த்தேன்.

ஊருக்குள் இறங்கியதும் சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் தந்தார்கள். மற்றவர்கள் தேவாலயப் பக்கம் போனார்கள். நான் வழி கேட்டுக் கேட்டு ரயில் நிலையத்துக்கு நடந்தேன். பலகையில் அதே ஐந்து எழுத்து. அதற்கு எதிரே ஒரு போன் பெட்டி. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அங்கிருந்து பார்த்தால் பலகை தெரிகிறது. அவன் சொன்னது சரிதான். கண்ணாடியில் யார் யாரோ கீறிவைத்த பெயர்கள். எங்கள் எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை தேடினேன். இல்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். வீட்டுக்குப் போன் அடித்து, வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். பிறகு, மணி அடித்ததும் அவர் எப்படிப் பாய்ந்து எடுப்பார், என் குரல் என்று தெரிந்ததும் என்ன ஆவார் என்று நினைத்து, வைத்துவிட்டேன்.

நிலையத்தில் டிக்கெற் கொடுப்பவரிடம் மகனுடைய படத்தைக் காட்டினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். பேக்கரியில் காட்டினேன். அங்கிருந்த பெண் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

பின்னேரம் ஒரு நிலவறைக்குக் கூட்டிப்போனார்கள். மலைச்சரிவில் ஒரு சின்னக் கதவு, உள்ளே வழுக்கும் கல்படிகள், தலை முட்டும் உயரத்தில் கூரை. நிலவறைக்குச் சொந்தமான வீட்டுக்காரி அறுபது வயதிருக்கும் தடித்த மனுசி, கம்பளி ஜாக்கெற்றும் ரப்பர் சப்பாத்தும். மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு முன்னே போனாள். இரண்டு பக்கமும் பீப்பாய்கள். சுவர் முழுக்க, கூரை முழுக்க, கருப்பாக ஆட்டுத்தோல்போலப் பூஞ்சணம். மதுவின் ஆவியைக் குடித்து அது வளர்கிறதாம், அதைத் துடைக்கவே மாட்டார்களாம். அந்தக் கரும்பஞ்சில் நூற்றுக்கணக்கில் காசுகள் பதிந்திருந்தன. வருகிறவர்கள் ஒரு காசை அழுத்திவிட்டுப் போவது வழக்கம், அது விழாமல் ஒட்டினால் திரும்பி வருவார்கள் என்று வழிகாட்டி சொன்னாள். ஜெர்மன்காரர்கள் சிரித்துக்கொண்டு பையைத் துழாவினார்கள்.

எனக்கு அது அப்படித் தெரியவில்லை. இருட்டு, ஈரக் கல், ஒற்றை வெளிச்சம், சுவரில் மின்னும் காசுகள். என் கை தானாகவே கும்பிடப் போய்விட்டது. எங்கள் ஆட்களில் யார் வந்திருந்தாலும் இதை நேர்த்திக்கடன் வைக்கிற இடம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அப்படி நினைத்த பிறகுதான் ஒவ்வொரு காசாகப் பார்க்கத் தொடங்கினேன்.

மற்றவர்களுக்கு மது ஊற்றினார்கள். எனக்கும் ஒரு கிளாஸ் தந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டே சுவரோரமாக நடந்தேன். மூலையில், பீப்பாய்க்கு மேலே, கை எட்டும் உயரத்தில் இருந்தது. பெரிய 2. அதன் ஓரத்தில் தமிழ் எழுத்து.

கிளாஸை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. வழிகாட்டியின் கையைப் பிடித்து இழுத்துவந்து, இது யார் வைத்தது, கேளுங்கள் என்றேன். படத்தை எடுத்து வீட்டுக்காரியிடம் நீட்டினேன். அவள் மெழுகுதிரியைக் கிட்டப் பிடித்து, பெருவிரலால் அவன் தலைமயிரை மறைத்துப் பார்த்தாள். அவர்கள் எப்போதும் தொப்பி போட்டிருந்தார்களாம். போன அறுவடைக்கு நாலு பையன்கள் இருந்தார்கள் என்றாள். யாரோ கொண்டுவந்து விட்டார்கள், பழம் பிழியும் கொட்டிலில் படுத்தார்கள், நன்றாக வேலை செய்தார்கள், ஒருவருக்கும் ஒரு வார்த்தையும் புரியாது. அதில் ஒருவன் பழத்தை மிகப் பக்குவமாகக் கிள்ளுவான், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. போகும் நாளன்று காலையில் கீழே வந்தார்கள். ஒருவன் மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து, முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, காசை இரண்டு கையாலும் சுவரில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. துணியைப் பிறகு கூட்டி எறிந்துவிட்டாள். அன்று மழையும் பனியும் கலந்து பெய்தது. ஒரு வான் வந்து எல்லைப் பக்கமாக ஏற்றிப் போனது. அவ்வளவுதான்.

இவனா என்று கேட்டேன். அவள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இருக்கலாம் என்றாள். பிறகு, தெரியாது, பொய் சொல்ல விரும்பவில்லை என்றாள்.

நாலு பேர். நாலு பேருக்கும் தாய் இருந்திருப்பாள். நாலு மடியிலும் மஞ்சள் முடிச்சு இருந்திருக்கும். இது வேறொருத்தி மகனுடைய காசாக இருக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். உடனேயே இது அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன். போய்ச் சேர்ந்த பிறகு போடுகிற காசை, போய்ச் சேருமுன் ஒருவன் ஏன் அவிழ்ப்பான்? இங்கேயே வந்து சேர்ந்துவிட்டோம் என்று யாராவது அவர்களை நம்பவைத்தார்களா? அல்லது இனி ஒரு கோயில் வாசலைக் காண மாட்டேன் என்று அவனுக்கு அந்தக் காலையில் தெரிந்துவிட்டதா? அந்தச் சுவரின் முன் நின்று எனக்கு இரண்டாவதைத் தவிர வேறொன்றையும் நினைக்க முடியவில்லை.

வீட்டுக்காரி ஜாக்கெற் பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்தாள். கிளப்பித் தரட்டுமா என்று சைகையால் கேட்டாள். நான் கையை நீட்டினேன். அவள் கத்தி நுனியைக் காசின் விளிம்பில் வைத்ததும் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். வைத்த காசைத் திருப்பி எடுத்தால், அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதையும் சேர்த்து எடுத்ததாகிவிடாதா? விரலால் மட்டும் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. பூஞ்சணம் அதன் விளிம்பில் ஏறத் தொடங்கியிருந்தது. இன்னும் சில வருடத்தில் மூடிவிடுமா என்று கேட்டேன். மூடிவிடும் என்றாள் வழிகாட்டி. அவளுடைய கண் கலங்கியிருந்தது. ஜெர்மன்காரர்களை மேலே அனுப்பிவிட்டு என்னோடு நின்றாள்.

திரும்பும் வழியில் வானில் எல்லோரும் தூங்கினார்கள்.

ரொறன்ரோ விமான நிலையத்துக்கு என் கணவர் வரவில்லை. வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். மகளும் பக்கத்து வீட்டு அண்ணையும் வந்து கூட்டிப்போனார்கள். அவர் போனடியில் கதிரையில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்காரி பெருவிரலால் மயிரை மறைத்ததைக்கூடச் சொன்னேன்.

"காசை எடுத்துக்கொண்டு வந்தனீரோ?" என்றார்.

"இல்லை."

ரிசீவரை எடுத்து, லைன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்தார். பிறகு, "அப்ப அவன் வந்து சேர்ந்திட்டன் எண்டு நினைச்சிருக்கிறான்," என்றார். "அங்கயே எங்கயோ நிக்கிறான். பாரும், போன் அடிப்பான்."

நான் நினைத்ததை நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு அறுவடை போய்விட்டது. எங்கள் கட்டடத்தில் இருந்த தமிழர்கள் அநேகமாக வீடு வாங்கிப் போய்விட்டார்கள், பலர் அஜக்ஸுக்கு, சிலர் அதற்கும் அப்பால் விட்பிக்கு. போன மாதம் மகள் ஒரு வீட்டு விளம்பரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மூன்று அறை, பின்னால் புல்தரை, எங்களால் கட்டக்கூடிய விலை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆற அமர வாசித்தார். மடித்து அவளிடமே கொடுத்தார்.

"நல்ல வீடுதான். ஆனா அங்க போனா நம்பர் மாறும்."

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் அ நம்பர்."

"அவனுக்கு இந்த நம்பர் மட்டும்தான் பாடமாத் தெரியும், பிள்ளை."

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். நான் எழும்பிப்போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.