ஒன்று விடாமல் எழுதச் சொல்லி நான் வாங்கிய சத்தியம்

மூன்று மார்க்கில் போய்விட்டது. கொரோனா அடங்கி ஊர் திரும்பவும் நடமாட ஆரம்பித்த வருஷம், பங்குனி மாசம். என் மகள் பவானி போனைப் பார்த்து இதை மட்டும் சொன்னாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலில் போய் நின்றாள். அழவில்லை. அதுதான் என்னை அறுத்தது.

நான் கோவளம் பக்கத்துக் குப்பத்தில் இருக்கிறேன். மீன் விற்கிறேன். எட்டாவது வரை படித்தவள். பவானி தாம்பரம் பக்கம் ஒரு காலேஜில் சிவில் இன்ஜினியரிங் படித்தாள். நாலு வருஷம் கருக்கலில் எழுந்து இரண்டு பஸ் மாறிப் போனாள். இப்போது நினைத்தால் அந்தக் காலைகள்தான் என் நல்ல காலைகள் என்று படுகிறது. நான் கூடையைக் கட்டிக்கொண்டிருப்பேன். அவள் ஈரத்தலையோடு நின்றபடியே இட்லி சாப்பிடுவாள். "அம்மா, என் பையில மீன் வாசம் அடிக்குதா பாரு" என்பாள். "அடிக்கல" என்பேன். அடிக்கும்.

கடல் ஏன் நம் கரையைத் தின்கிறது என்று மேல்படிப்பு படிக்க அவளுக்கு ஆசை. அதற்குப் பெரிய சர்க்கார் காலேஜில் எம்.டெக். சேர வேண்டும். சேர, கேட் என்று ஒரு பரிட்சை. மூன்று மணி நேரம், கம்ப்யூட்டரில், அறுபத்தைந்து கேள்வி. அதில்தான் மூன்று மார்க் குறைந்தது.

என் தம்பி சேகர், அவளுக்குத் தாய்மாமன், அன்று சாயந்திரமே வந்தான். "பட்ச்ச வரைக்கும் போதும்க்கா. நல்ல எடம் வந்துகினு கீது. சரி, இன்னொரு தபா எழுதட்டும். அப்பவும் இதே கதைன்னா வைகாசில கல்யாணம். அதுக்கு மேல என்னாண்ட எதுவும் பேசாத" என்றான். பவானி சரி மாமா என்றுவிட்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் எல்லையம்மன் முன்னால் போய் உட்கார்ந்தேன். என் பொண்ணு என்ன தப்பு பண்ணா, அதையாவது சொல்லு தாயே என்று கேட்டேன். ஆடி வந்தது, கூழ் ஊற்றினோம், ஆடியும் போனது. பதில் இல்லை. கடைசியில் மூன்று வெள்ளி கோயிலுக்கே போகவில்லை. அம்மன் மேல் கோபம். இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அதற்கு அடுத்த ஞாயிறு. நாவலூரில் ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். சிறுசேரியில் வேலை செய்யும் ரம்யா என்ற பெண் வாராவாரம் என்னிடம்தான் சங்கரா வாங்கும்.

"பவானி மறுபடியும் கேட் எழுதுறாளா அக்கா? போன தடவை எவ்ளோ கேள்வி எழுதினா?"

எனக்குப் பெருமை. "ஒண்ணு வுடலம்மா. அறுபத்தஞ்சும் எழுதிச்சி."

"அறுபத்தஞ்சுமா? அய்யோ, அதுல மைனஸ் இருக்கே அக்கா."

"மைனஸுன்னா?"

"நாலு விடை குடுத்து ஒண்ணை எடுக்கச் சொல்வாங்கல்ல, அதுல தப்பா எடுத்தா, இருக்கிற மார்க்லேருந்து கொஞ்சம் புடிச்சுப்பாங்க."

"எழுதுனதுக்கே புடிப்பாங்களா? அப்போ எழுதாம வுட்டா?"

"விட்டா ஒண்ணும் இல்ல. பூஜ்யம்தான். நாமளே கணக்குப் போட்டு நம்பரை அடிக்கிற கேள்வி இருக்கும். அதுல தப்பானாலும் புடிக்க மாட்டாங்க, அதை விடவே கூடாது. ஆனா நாலுல ஒண்ணு எடுக்கிறதை, தெரியலைன்னா விட்டுடணும்."

"இன்னாம்மா அநியாயமா கீது. கஷ்டப்பட்டு எழுதுனவளுக்கு அபராதம், சும்மா குந்திகினு இருந்தவளுக்கு ஒண்ணுமில்லியா?"

ரம்யா சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை மீன் மேலேயே நின்றுவிட்டது. ஒன்று விடாமல் எழுது என்று அவளுக்குச் சொன்னது யார்? நான்தான்.

பவானி பத்தாவது படிக்கும்போது கணக்குப் பரிட்சையில் இரண்டு பக்கத்தைக் காலியாக விட்டு வந்தாள். எதையாவது எழுதியிருந்தால்கூட மார்க் போட்டிருப்பேனே என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றைக்கே இரட்டைச் சடையோடு அவளை அம்மன் முன்னால் நிறுத்தினேன். இனிமேல் எந்தப் பரிட்சையிலும் ஒரு கேள்வி விடமாட்டேன் என்று கற்பூரத்தைத் தொட்டுச் சத்தியம் வாங்கினேன். அதற்குப் பிறகு அவள் நல்ல மார்க்தான் வாங்கினாள். சத்தியத்தை நான் மறந்தே போனேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "அந்த மைனஸு உனுக்குத் தெரியுமாடி?"

"தெரியும்மா."

"தெரிஞ்சா ஏன் எல்லாத்தையும் அமுக்குன?"

"சத்தியம் பண்ணிருக்கேன்ல. கடைசி இருபது நிமிஷம் தெரியாததுக்கே போயிடுச்சு. தெரிஞ்ச கணக்கைத் திரும்பிப் பாக்கக்கூட நேரம் இல்ல."

"என்னாண்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நீ அழுவ."

அழுதேன். என்ன தப்பு என்று அம்மனைக் கேட்டேனே, சொல்லிவிட்டாள். தப்பு என்னுடையது.

ஆனால் அம்மன் முன்னால் வாங்கிய சத்தியத்தை நானாக எப்படி எடுப்பது? அந்த வெள்ளிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வித்தியாசம் தெரியாதபடி கட்டிக் கலைத்து அம்மன் காலடியில் வைத்தேன். வெள்ளை வந்தால் சத்தியத்தை எடுத்துவிடலாம், சிவப்பு வந்தால் கூடாது. "எடு" என்றேன்.

பவானி கையை நீட்டவில்லை.

"சிவப்பு வந்தா இன்னாம்மா பண்ணுவ? நீ வாங்குன சத்தியம். நீயே அவகிட்ட கேளு. பெத்தவ கேட்டா தரமாட்டாளா?"

பூசாரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு பொட்டலத்தையும் பிரிக்காமல் அப்படியே விட்டேன். முந்தானையை விரித்து விழுந்தேன். "தாயே, விவரம் தெரியாம வாங்கிட்டேன். எனுக்கே திருப்பிக் குடுத்துடு" என்றேன். எழுந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. எந்தப் பொட்டலத்தில் எந்தப் பூ என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

தை மாசம் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சென்டரில் பரிட்சை. வெயிலில் ரோட்டோரம் நின்றிருந்தேன். வெளியே வந்தாள்.

"எத்தினி வுட்ட?"

"பதிமூணு."

பதிமூன்றா என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவள் பசிக்குதும்மா என்றாள். போன வருஷம் பரிட்சை முடிந்து வந்தபோது தண்ணீர்கூட வேண்டாம் என்றவள்.

பங்குனியில் மார்க் வந்தது. கேட்ட காலேஜில், கேட்ட படிப்பில் இடம் கிடைத்தது. முதலில் சேகருக்குத்தான் போன் போட்டாள். அவன், "பொட்டி கிட்டி வாங்கணும்னா சொல்லு, நான் வாங்கியாறேன்" என்றான்.

படிப்பு முடிந்து இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறாள். கருக்கலில் நான் மட்டும் எழுந்து கூடை கட்டுகிறேன். சில நாள் பழக்கத்தில் இட்லி நாலு அதிகமாக ஊற்றிவிடுகிறேன்.

அம்மனை நம்புகிற அக்கா தங்கைகளே, நான் படித்தவள் இல்லை, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வேண்டியதை அவளிடம் கேளுங்கள். பதில் வரவில்லை என்று என்னைப் போல் கோபித்துக்கொண்டு போய்விடாதீர்கள். அவள் எந்த வாசலில் வைத்து, யார் வாயால் சொல்வாள் என்று நமக்குத் தெரியாது. சொல்லும்போது அது நம் தப்பாகவே இருந்தாலும் காது கொடுங்கள்.

எங்கள் தெருப் பிள்ளைகள் பரிட்சைக்குப் போகும்போது என்னிடம் குங்குமம் வாங்க வருகிறார்கள். நன்றாக எழுது என்றுகூட நான் சொல்வதில்லை. நெற்றியில் வைத்துவிட்டு, அம்மன் பேரைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்கிறாள்.