இரட்டைக் கோடு

பிளஸ் டூவில் மரபியல் பாடம் நடந்த பத்து நாளும் நான் வகுப்பில் இல்லை. தாலசீமியா என்ற ரத்த நோய் உள்ள என் தங்கைக்கு ரத்தம் ஏற்றுகிற தேதியோடு காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மாவுக்கும் தோல் பதனிடும் டேனரிக்குப் போகும் அப்பாவுக்கும் அத்தனை நாள் லீவு கிடைக்காது. வேலூர் ஆஸ்பத்திரியில் அவளோடு நான்தான் இருந்தேன். பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரியும் புரியவில்லை. அழுகை வந்தது.

பிறகு தங்கைதான் வழி கண்டுபிடித்தாள். ஒரு கையில் ரத்தம் இறங்கிக்கொண்டிருக்கும், இன்னொரு கையில் வம்சாவளிப் படம் போடும் பக்கத்தில் திறந்த என் புத்தகம் இருக்கும். பன்னிரண்டு வயசு வாத்தியார். "கட்டம்னா?" என்பாள். "ஆம்பள." "வட்டம்?" "பொம்பள." "உள்ள கறுப்பு அடிச்சிருந்தா?" "நோய் இருக்கறவங்க." "ரெண்டு கோடு?" "சொந்தத்துல கல்யாணம்." தப்பாகச் சொன்னால் ஊசி குத்தாத கையால் என் தலையில் ஒரு தட்டு.

மற்றவர்கள் புத்தகத்தில் இருந்த படத்தை மனப்பாடம் செய்தார்கள். எனக்கு அது ஏறவில்லை. எங்கள் வீட்டையே வரைந்துவிட்டேன். அதற்கு வசதியாக எல்லாம் எங்களிடம் இருந்தது. அப்பா, அம்மாவுக்குத் தாய்மாமன். அம்மா நடை பழகிய நாளிலிருந்து அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள், கல்யாணத்துக்குப் பிறகும் அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா நகத்தில் காய்ந்திருந்த பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் ஷூவுக்குப் பசை தடவும் வேலை அவளுக்கு. தங்கை வயிற்றில் இருந்தபோதும் அதே இடத்தில்தான் நின்றாள். அந்த நெடிதான் பிள்ளையின் ரத்தத்தைக் கெடுத்துவிட்டது என்று அவளாக முடிவு கட்டி வைத்திருந்தாள். டாக்டர் பரம்பரை என்று சொன்னபோதுகூட, "எங்க வம்சத்துல யாருக்குமே இல்லியே" என்று சொல்லிவிட்டு வந்தவள்.

"இன்னாடி இது, பாண்டி ஆட்டத்துக்குக் கட்டம் போட்டு வச்சிருக்க?"

எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. பன்னிரண்டு வருஷமாக அம்மா சுமக்கிற பழியை ஒரு பென்சிலால் இறக்கி வைக்கப் போகிறேன் என்ற நினைப்பு. பெரிய அறிவாளி.

"நம்ம வீடுதாம்மா. இந்தக் கறுப்பு வட்டம் பாப்பா. நீயும் அப்பாவும் பாதிக் கறுப்பு. உங்களுக்கு நோய் இல்ல, ஆனா அந்த ஜீன் ஆளுக்கு ஒண்ணு இருக்கு. ரெண்டும் பாப்பாகிட்ட வந்து சேர்ந்துடுச்சி. பசைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

"பசை இல்லியா?"

"இல்லவே இல்ல."

அம்மா தாளைக் கையில் வாங்கினாள். எண்ணெய் விரல், தனக்கும் அப்பாவுக்கும் நடுவில் வந்து நின்றது.

"இங்க மட்டும் இன்னாத்துக்கு ரெண்டு கோடு?"

வாயை மூடியிருக்கலாம். பாடம் ஒப்பிக்கிற வேகத்தில் சொல்லிவிட்டேன். "சொந்தத்துல கட்டிக்கிட்டா அப்படித்தான் போடணும்மா. ஒரே வம்சம்னா ரெண்டு பேர்கிட்டயும் அதே ஜீன் இருக்க வாய்ப்பு ஜாஸ்தி."

அம்மாவின் விரல் அந்த இரண்டு கோட்டின் மேலேயே போய்வந்தது. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"வெளிய மாப்ள பாத்தாங்க. நான்தான் மாமாவத் தவிர யாரையும் கட்டிக்க மாட்டேன்னு மூணு நாள் சோறு திங்காம கெடந்தேன்."

"அம்மா, அது யார் தப்பும் இல்லம்மா..."

"பசையா இருந்தா கம்பெனிய திட்டிக்கினு இருப்பேன்" என்று சொல்லித் தாளை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். நான் அதைக் கிழித்துப் போட்டேன். கிழித்து என்ன புண்ணியம்.

அன்று சாயங்காலம் அப்பா வந்து கை கால் கழுவினார். அம்மா உள்ளேயிருந்து, "இந்தாங்க, சோறு போட்டுட்டேன், வாங்க" என்றாள். அப்பா வேறு யாரோ வந்திருக்கிறார்களா என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது. எல்லாக் குறியீடுகளையும் சரியாகப் போட்டேன். உயிரியலில்தான் எனக்கு அதிக மார்க். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அம்மா கேசரி கிண்டினாள். தங்கை இப்போதும் ரத்தம் ஏற்றிக்கொள்ள வேலூருக்குப் போய்வருகிறாள், இப்போது அவள் பிளஸ் ஒன். அம்மா மட்டும் அதன் பிறகு ஒரு நாளும் அப்பாவை மாமா என்று கூப்பிடவில்லை.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் என்னை வழியனுப்ப வந்த அப்பா கேட்டார்.

"உங்கம்மா ஏன் என்னய யாரோ அசலாள் மாதிரி கூப்புடுது? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"தெரியலப்பா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.