நிறுத்தும்போதெல்லாம் பறந்தது

ஆபீசில் அவளுக்குச் சந்தேகராணி என்று பெயர். வீட்டிலும் அதே புகழ்தான். "பூட்டியாச்சான்னு கேட்டாக்கூடப் பரவாயில்ல, பூட்டு நம்ம பூட்டுதானான்னு கேப்பா" என்று கணவர் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். வெளுத்ததெல்லாம் பாலில்லை என்பது அவள் கட்சி. வெப்சைட் கட்டுகிற தொழிலில் அந்தக் குணம் சோறு போட்டது.

ஒருமுறை மகப்பேறு மருத்துவர் ஒருவரின் வேலை வந்தது. பிரசவமான பெண்கள் வீட்டிலிருந்தே பார்த்துச் செய்வதற்கான உடற்பயிற்சி வீடியோக்கள். இருமினால் சிறுநீர் கசிகிற சங்கடத்துக்குக்கூட அதில் பயிற்சி இருந்தது. அம்மாவிடம் சொல்லவே கூசுகிற விஷயம். பக்கத்து இருக்கைப் பையன் வீடியோவை ஓட்டிக் காட்ட, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பிளேயர் ஒன்றை எடுத்துத் தளத்தின் ஜாவாஸ்கிரிப்ட் ஆப்புக்குள் பொருத்தினான். நாலைந்து வரிதான். விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காகப் பார்ப்பவரின் பயனர் எண்ணையும் அதனிடம் கொடுத்தான். வெண்ணெயாய் ஓடியது.

அவளுக்கு அந்த வழவழப்பே உறுத்தியது. அந்த வலைப்பக்கத்திலிருந்து என்னென்ன தகவல் வெளியே போகிறது என்று பிரவுசரில் பார்த்தபடி வீடியோவை ஓட்டினாள், நிறுத்தினாள். நிறுத்தியதும் முன்பின் தெரியாத இணைய முகவரிக்கு ஏதோ பறந்தது. மறுபடி நிறுத்தினாள், மறுபடி பறந்தது. திறந்து பார்த்தால் எந்த வீடியோ, எந்த இடத்தில் நின்றது, யார் பார்த்தது, எல்லாம் உள்ளே. பையன் பக்கம் திரும்பினாள்.

"இந்த அட்ரஸ் யாருது?"

"எனக்கென்னக்கா தெரியும்? ஊரே இதைத்தான் போடுது."

"நீயா எதுவும் சேக்கலையே?"

அவன் நாற்காலியைத் திருப்பினான். "என்னையா சந்தேகப்படறீங்க?"

அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நாளாக அவன் வெளியே போய்ப் போய் போன் பேசுவது வேறு நினைவுக்கு வந்து தொலைத்தது. அவன் சாப்பிடப் போனதும் அவன் எழுதியதை வரிவரியாகச் சலித்தாள். ஒன்றும் தேறவில்லை. பிறகுதான் பிளேயரின் பழைய பதிப்பை இறக்கி ஓட்டிப் பார்த்தாள். அதிலிருந்து எதுவும் வெளியே பறக்கவில்லை. தேடிப் பார்த்தால், பிளேயர் வேறொரு கம்பெனிக்குக் கை மாறியிருந்தது. வாங்கியவர்கள் புதிய பதிப்பில் இந்த வேலையைச் செருகியிருந்தார்கள். புதியதுதானே நல்லது என்று அவன் எடுத்திருந்தான்.

பிளேயரையே மாற்றணும் என்றதும் முதலாளி தலையைச் சொறிந்தார். "ஒப்படைக்கிற நேரத்துலயாம்மா? பாக்கறவங்களுக்கு இதெல்லாம் தெரியவா போகுது?"

"தெரியாதுன்னுதான் சார் பயமா இருக்கு."

பிளேயரைப் பிடுங்கிவிட்டு, பிரவுசரிலேயே இருக்கிற சாதாரண வீடியோ பெட்டியைப் போட்டார்கள். ஓட்ட, நிறுத்த வேண்டிய பொத்தான்களை அவளும் பையனும் உட்கார்ந்து எழுதினார்கள். மருத்துவர் தாமதத்துக்குக் கத்தினார். காரணத்தைக் கேட்டதும் அடங்கிவிட்டார்.

பையன் மட்டும் அடங்கவில்லை. "நேரா என்கிட்டயே கேட்டிருக்கலாம்."

"கேட்டேனே."

"கேட்டீங்க. நம்பல."

அன்றிலிருந்து அவள் அவனுக்கு அக்கா போய் மேடம் ஆனாள். ஆனால் ஆப்புக்குள் புதிதாக எதைப் போட்டாலும் முதலில் அவளிடம்தான் கொண்டுவந்து காட்டுகிறான். அவளும் பார்க்கிறாள், அவன் எழுதியதையும் சேர்த்து.