இரண்டு பெட்டிகளை ஒன்றாக்கிய ஞாயிறு

கனடாவில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அண்ணை வீட்டு அலமாரியில் இப்போது குளிர்காலக் கோட்டுகள் மட்டும்தான். எனக்கு மட்டும் முன்பு அங்கிருந்த கறுப்புப் பெட்டியும் அதன் தலையில் காய்ந்த கையுறைகளும்தான் கண்ணில் நிற்கின்றன. வீட்டுச் சர்வர் அது. குடும்பத்தின் படம், பாட்டு, பத்திரம் எல்லாம் அதற்குள். நாள் முழுக்க இரைந்து சூடாகும் அந்தப் பெட்டியால் அண்ணி கண்ட ஒரே பயன், கையுறை சீக்கிரம் காய்வது. கூடத்தில் மேசைக் கணினி வேறு இரைந்தது. "ரெண்டும் சேர்ந்து என்ர மண்டையை உடைக்குது. ஒண்டாக்குங்கோ, இல்லாட்டி ரெண்டையும் வெளியிலை வையுங்கோ" என்று சொல்லிவிட்டார்.

அண்ணைக்கு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிப்போகும் வேலை. நான் அங்கேயே கணினிப் பிரிவு, சென்னைக்காரன். எல்லோரும் கூப்பிடுவதால் எனக்கும் அவர் அண்ணை. "ஒரு மணி நேர வேலை அண்ணே" என்று வாய்ச்சவடால் அடித்துவிட்டு, அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு காலை ஸ்குரூ டிரைவரோடு போய் இறங்கினேன். சர்வரில் இருப்பதை மேசைக் கணினிக்கு மாற்றி, சர்வரின் டிஸ்க்கை அழித்துத் துடைத்து மேசைக் கணினிக்குள்ளேயே மாட்டிவிட்டால் ஒரே பெட்டி இரண்டு வேலையும் பார்க்கும். ஆனால் இடம் போதவில்லை. சர்வரில் ஆங்கில எழுத்தில் ‘பெந்து’ என்றொரு ஃபோல்டர் பெரிதாகக் கிடந்தது. மனுஷன் கிரிக்கெட் பைத்தியம். பந்து என்பதைத் தப்பாக அடித்திருக்கிறார் என்று நினைத்துப் போன் போட்டேன்.

"அண்ணே, இந்தப் பந்தெல்லாம் வேணுமா?"

"பந்தோ? அந்தப் பழசுகள் என்னத்துக்கு, எறிஞ்சுவிடும் தம்பி."

எறிந்தேன். டிஸ்க்கையும் துடைத்தேன்.

மாலையில் வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒற்றைப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "பேந்து எண்டொரு ஃபோல்டர் இருந்ததே, எங்கை?" என்றார். பேந்து என்றால் ‘அப்புறம்’ என்று தினமும் காதால் கேட்கிறவன் நான். எழுத்தில் பார்த்தபோது மண்டையில் ஏறவில்லை. கல்யாணம் முடிந்து அண்ணி கனடா வந்து சேர மூன்று வருடம் ஆயிற்றாம். அந்தக் காலத்தில் இருவரும் தொலைபேசியில் பேசியதையெல்லாம் அண்ணை பதிந்து வைத்திருந்தார், கல்யாணம் உண்மைதானா என்று குடிவரவு அதிகாரிகள் கேட்டால் போட்டுக் காட்ட. யாரும் கேட்கவில்லை. அவசரமில்லை, பேந்து ஆறுதலாகக் கேட்பம் என்று போட்டு வைத்தது. வேறு பிரதி கிடையாது. அண்ணை திட்டவில்லை. "பரவாயில்லை தம்பி" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார். ஐயோ, அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

நல்லவேளை, துடைத்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாமல் விட்டிருந்தேன். என் சோம்பேறித்தனம் வாழ்க! அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓடவிட்டு, தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டபடி உட்கார்ந்தேன். அண்ணி வைத்த இடியப்பம் தட்டிலேயே ஆறிப்போனது. கடைசியில் பதிவுகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின, பெயர் தொலைந்து வெறும் எண்களாக. "வந்துடுச்சு அண்ணே!" என்று கத்தினேன். இருவரும் ஓடிவந்தார்கள்.

முதலாவதைத் திறந்தேன். ஒரே கரகரப்பு, பிறகு, பயந்துபோன, மிக இளைய அண்ணியின் குரல்: "ஹலோ, நான் கதைக்கிறது கேக்குதோ?"

அண்ணை தன்னை மறந்து ஸ்பீக்கர் பக்கம் குனிந்து, "ஓமப்பா, வடிவாக் கேக்குது, கதையும்" என்றார்.

"இஞ்சை பக்கத்திலை நிக்கிறன், அந்தப் பெட்டியோடை என்ன கதை?" என்று அண்ணி அவர் தோளில் ஓர் இடி இடித்தார். ஆனால் இடம்விட்டு அசையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மற்றதையும் போடுங்கோ தம்பி" என்றார்.