பெயரை வெட்டிய கத்தரிக்கோல்

பினாங்கில், பாயான் பாருவில் ஒரு மின்னணுச் சில்லு ஆலையில் இருபத்திரண்டு வருஷமாகத் தரச் சோதனை செய்கிறேன். எந்தத் தொகுதியில் செய்தது என்று சொல்லும் லாட் நம்பர் இல்லாத பெட்டி என் மேசைக்கு வந்தால் திறந்துகூடப் பார்க்க மாட்டேன். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். சூப்பர்வைசர் வந்து கெஞ்சினாலும் அதே கதைதான். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எனக்கு அது கொஞ்சம் தூக்கல் என்று என் அக்காவே சொல்வாள்.

அக்காவும் நானும் ஒரே பிளாட்டில், ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் இருக்கிறோம். அவள் எட்டாவது மாடி, நான் மூன்றாவது. காலையில் பசாரில், சந்தையில், தோசைக் கடை போடுகிறாள். வருஷக்கணக்கில் நின்றபடியே சுட்டதில் இரண்டு முட்டியும் போய்விட்டன. கிளினிக்குக்குப் போ என்றால் கடையை யார் பார்ப்பது என்பாள்.

நானும் என் வீட்டுக்காரரும் வருஷம் ஒரு தடவை ஊருக்குப் போவோம். எங்கள் பிளாட்டில் ஊர் என்றால் தமிழ்நாடு. கோயில், புடவை எல்லாம் முடிந்ததும் கடைசி நாளில் திருச்சியில் ஒரு மருந்துக் கடைக்குப் போய் மாத்திரை வாங்குவது வழக்கம். தலைவலி, வயிறு, முட்டி என்று சொன்னால் போதும், டாக்டர் சீட்டு கேட்காமல் எடுத்து வைப்பார்கள். திரும்பி வந்ததும் முறுக்கு, வளையலோடு மாத்திரையையும் வீட்டுக்கு வீடு கொடுப்பேன். ஆளுக்கு இரண்டு, நான்கு என்று அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பேன். மீதி ஒரு பிஸ்கட் தகரத்தில் கிடக்கும். "அக்கா, ஊர் மாத்திரை இருக்கா?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான்தான் டாக்டர்.

போன தடவை வாங்கியதில் ஒரு வெளிர்மஞ்சள் மாத்திரை அக்காவுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. போட்ட அரை மணியில் வலி போய்விடுகிறதாம். வாரா வாரம் கீழே வந்து வாங்கிப் போனாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஆறு வாரம் போட்டிருக்கிறாள். நானும் கணக்குப் பார்க்காமல் வெட்டி வெட்டிக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போனேன். தோசையைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தாள். கண் இரண்டும் மஞ்சள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

வார்டில் மருந்தாளர் நம் தமிழ்ப் பெண். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அவள் கேட்டதும் அக்கா கண் சிமிட்டாமல், "பசார் மாலாம்ல வாங்கினேன்மா, மூலிகை மாத்திரை" என்றாள். பசார் மாலாம் என்றால் இரவுச் சந்தை. நான் கட்டில் ஓரத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. ஆலையில் அத்தனை பேர் முன்னால் நெஞ்சை நிமிர்த்துகிறவள் அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் ரத்தச் சோதனையில் ஈரல் எண் இன்னும் ஏறியிருந்தது. காரணம் பிடிபடாவிட்டால் ஈரலில் ஊசி விட்டுத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த ஊசியின் படத்தை அக்காவுக்குக் காட்டினார்கள். அவள் தைரியமாக, "செய்யுங்க-லா" என்றாள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இவ பசார்ல ஒண்ணும் வாங்கல. நான்தான் குடுத்தேன். ஊர் மாத்திரை" என்றேன்.

அக்கா என்னை முறைத்தாள். மருந்தாளர் பேனாவை எடுத்தாள். "பேர் என்ன ஆன்ட்டி?"

பேர் தெரியவில்லை. என் தகரத்தில் மஞ்சள் மாத்திரையே மூன்று வகை. அக்கா பையில் மிச்சமிருந்தது இரண்டு மாத்திரை உள்ள ஒரு துண்டு. அதில் விலையின் பாதியும் ஏதோ சில எழுத்துகளும்தான் இருந்தன. பெயர் இருந்த பக்கத்தை வெட்டி வேறு யாருக்கோ கொடுத்திருக்கிறேன். லாட் நம்பர் இல்லாத பெட்டியைத் தொடாதவள் நான், என் கையாலேயே.

"சாயங்காலத்துக்குள்ள கொண்டு வரேன்" என்றேன்.

பிளாட்டுக்கு வந்து கதவு கதவாகத் தட்டினேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சுத்தான். "நான் குடுத்த மஞ்சள் மாத்திரையை விழுங்காதீங்க. அக்கா ஆஸ்பத்திரில இருக்கா. அட்டையோட திருப்பிக் குடுங்க." யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கிடைத்த துண்டுகளை மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவின் துண்டோடு ஒன்றொன்றாக வைத்துப் பார்த்தேன். நான் இடது கைக்காரி. என் கத்தரிப்பு எப்போதும் சாய்ந்துதான் போகும். முதல் மூன்று வீட்டுத் துண்டும் பொருந்தவில்லை.

ஐந்தாவது மாடியில் பஸ் ஓட்டுநரின் மனைவி ஃப்ரிட்ஜைத் திறந்து, முட்டை வைக்கும் இடத்திலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். "நல்ல மாத்திரை-லா அக்கா, கெட்டுப் போகக் கூடாதுன்னு வச்சிருந்தேன்" என்றாள்.

வெட்டு வெட்டோடு ஒட்டியது. நடுவில் உடைந்திருந்த எழுத்துகள் சேர்ந்து பெயர் முழுசாக வந்தது. நிமிசுலைடு. கீழே லாட் நம்பர். ஆயிரக்கணக்கான சில்லுகளைப் பார்த்த கண் அன்றைக்குத்தான் உருப்படியான வேலை செய்தது என்று தோன்றியது. அழுகை வந்தது, அந்த அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

விசிட்டர் நேரம் முடிவதற்குள் இரண்டு துண்டையும் டேப்பால் ஒட்டி மருந்தாளர் கையில் கொடுத்தேன். படித்ததுமே அவள் முகம் மாறிற்று. ஈரலைக் கெடுக்கும் என்று பெயரெடுத்த மருந்து என்றாள். ஸ்பெயினில் விற்பனையை நிறுத்திவிட்டார்களாம். இத்தாலியில் டாக்டர் சீட்டோடு கிடைக்குமாம். அமெரிக்காவுக்குள் அது நுழைந்ததே இல்லையாம். இங்கே எந்தக் கடையிலும் அவள் பார்த்ததில்லையாம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்ப ஊர்ல விக்கிறவங்க எல்லாம் முட்டாளா?" என்று கேட்டேன்.

"இல்ல ஆன்ட்டி. அங்கயும் டாக்டர் குடுத்தா சில நாளைக்குத்தான் குடுப்பாரு. பிள்ளைங்களுக்குக் கூடாது. நீங்க ஆறு வாரம் குடுத்திருக்கீங்க."

அது எனக்குப் புரிந்தது. எங்கள் ஆலையிலும் ஒரே சில்லை ஒரு வாடிக்கையாளர் வாங்கிக்கொள்வார், இன்னொருவர் கீறல் இருக்கிறது என்று திருப்பி அனுப்புவார். யார் எந்த அளவைத் தாங்குவார் என்று எழுதிய தாள் எப்போதும் பெட்டியோடு போகும். நான் அந்தத் தாளைக் கடையிலேயே கேட்கவில்லை.

மாத்திரையை நிறுத்திய பிறகு எண் மெல்ல மெல்ல இறங்கியது. ஊசி தேவைப்படவில்லை. இரண்டு மாதத்தில் அக்கா கண் பழையபடி வெளுத்தது. இப்போது முட்டிக்குக் கிளினிக்குக்குப் போகிறாள், கடையில் ஒரு ஸ்டூலும் வந்துவிட்டது.

ஏன் பொய் சொன்னாய் என்று அவளிடம் ஒரு நாள் கேட்டேன். "பிளாட்டுல உனக்கு ஒரு பேரு இருக்கு. என்னால அது போகணுமா?" என்றாள். ஈரலில் ஊசி குத்தினாலும் பரவாயில்லை, தங்கச்சி பேர் கெடக் கூடாதாம். இப்படி ஒருத்திக்குத் தங்கச்சியாகப் பிறந்ததைவிடப் பெரிய பெருமை எனக்கு ஆலையில் கிடைத்ததில்லை.

இந்த வருஷம் ஊருக்குப் போய் முறுக்கும் வளையலும் மட்டும் வாங்கி வந்தேன். என் பேர் போய்விடவில்லை. யார் எங்கிருந்து மாத்திரை வாங்கி வந்தாலும் முதலில் என் கதவைத்தான் தட்டுகிறார்கள். நான் பெயர், லாட் நம்பர், பெட்டியில் அரசாங்கப் பதிவு ஸ்டிக்கர் எல்லாம் பார்க்கிறேன். ஒன்று குறைந்தாலும் மருந்தாளரிடம் போய்க் கேட்கச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

போன வாரம் பஸ் ஓட்டுநரின் மனைவி, தன் மகள் வாங்கி வந்த ஒரு மாத்திரை அட்டையோடு வந்தாள். அக்கா என் வீட்டு சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா காட்டுங்க, இவ கண்ணு நல்ல கண்ணு" என்றாள் அக்கா அவளிடம். "கத்தரிக்கோலை மட்டும் நான் மேல எட்டாவது மாடில வச்சிருக்கேன்."