என்ன மாறியது என்று எழுதுகிறவள்

மென்பொருளில் யாரும் படிக்காமல் தாண்டிப் போகிற பகுதியை எழுதுவதுதான் என் வேலை. நானும் நண்பன் ஃபாரூக்கும் கிளினிக்குகளில் நோயாளிகளுக்கு வரிசை எண் கொடுக்க ஒரு டோக்கன் மென்பொருள் செய்திருக்கிறோம். ஓப்பன் சோர்ஸ், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். புரோகிராம் அவன் எழுதுவான். புதுப் பதிப்பு வரும்போது என்ன மாறியிருக்கிறது என்று சொல்லும் ரிலீஸ் நோட்ஸை நான் எழுதுவேன். நீங்களும் இப்படிக் குறிப்பு எழுதுவதில் மாட்டிக்கொண்டவரென்றால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

பல்வேறு திருத்தங்கள்

ஆரம்பத்தில் எல்லாப் பதிப்புக்கும் ஒரே வரிதான்: "பல்வேறு பிழைகள் திருத்தப்பட்டன." ஒருமுறை அந்தப் 'பல்வேறு'க்குள் பெரிய மாற்றம் ஒன்று இருந்தது. அதுவரை டோக்கன் எண் நாள் முழுக்கத் தொடர்ந்து ஓடும். புதுப் பதிப்பில் மாலையில் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

சாந்தோமில் ஒரு சின்ன கிளினிக். வரவேற்பில் இருக்கும் ஸ்டெல்லா அக்கா ஒருநாள் காலை அந்தப் புதுப் பதிப்பைப் போட்டுவிட்டார். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் தேசம்மா, காய்ச்சலில் இருந்த மகளோடு வந்து 38ஆம் டோக்கன் வாங்கியிருக்கிறார். டாக்டர் அவசரமாகக் கிளம்பிவிட, மாலையில் வரச் சொன்னார்கள். மாலையில் போர்டில் ஒன்று, இரண்டு என்று ஓட, தன் எண் வரும் என்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். குழந்தை துவண்டு விழுந்த பிறகுதான் ஸ்டெல்லா அக்கா கவனித்து உள்ளே தூக்கிப் போனார்.

மூன்றாம் நாள் அவர் மகளை மறுபடி காட்ட வந்தபோது, பிழைப்புக்காக நான் வேலை பார்க்கும் தேனாம்பேட்டை ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டுப் போய் மன்னிப்புக் கேட்டேன். மகள் தேறியிருந்தாள். தேசம்மா திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னார்:

"நீ மாத்துனது தப்பில்ல கண்ணு. மாத்திக்கீறோம்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் ஏன் அங்கியே குந்திக்கினு இருக்கப் போறேன்?"

ஒன்றும் விடாமல்

அடுத்த பதிப்புக்கு ஒன்றும் விடாமல் எழுதினேன். எந்தக் கோப்பில் எந்த வரி மாறியது என்பதுவரை ஆறு பக்கம். ஸ்டெல்லா அக்கா அதை பிரின்ட் எடுத்து, டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நான் எதிரில் பரீட்சை எழுதியவள் மாதிரி நின்றேன். கடைசியில் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"இதுல நாளைக்குக் காலைல நான் இன்னா வேற மாதிரி செய்யணுமோ, அதுக்கு மட்டும் கோடு போட்டுக் குடும்மா."

கோடு போட்டேன். இரண்டு வரிதான் வந்தது. அன்றிலிருந்து அந்த இரண்டு வரிதான் மேலே, மற்றதெல்லாம் கீழே.

மூன்று வாரம்

ஃபாரூக் மூன்று வாரம் மெனக்கெட்டு உள்ளே முழுவதையும் திருத்தி எழுதினான். வெளியே எதுவும் மாறவில்லை. "நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்" என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் மயிலாப்பூரில் டிபன் சாப்பிடும்போது பொங்கலைத் தொடாமலே கேட்டான்:

"மச்சி, மூணு வாரம் நான் இன்னா பண்ணேன்னு எங்க அம்மா கேக்குறாங்க. நீ எழுதுனத காட்டுனா வீட்ட விட்டே தொரத்துவாங்க."

நாங்கள் செய்த தப்பு

போன மழையில் ஒரு பதிப்பில் கோளாறு. கரண்ட் போய் வந்தால் அன்றைய டோக்கன் பட்டியலே அழிந்துபோகும். ஃபாரூக் சத்தமில்லாமல் சரி செய்து வெளியிட்டுவிடலாம் என்றான். எனக்கும் ஆசைதான். ஆனால் துவண்டு கிடந்த அந்தக் குழந்தையை நினைத்தால் கை ஓடவில்லை. முதல் வரியில் எழுதினேன்: "சென்ற பதிப்பில் நாங்கள் தப்புச் செய்துவிட்டோம். இன்றே இந்தப் புதுப் பதிப்புக்கு மாறுங்கள். அதுவரை டோக்கன்களை நோட்டிலும் எழுதி வையுங்கள்."

நாள் முழுக்க வசவு வரும் என்று காத்திருந்தேன். ஸ்டெல்லா அக்காவின் போன் மட்டும் வந்தது. மதியம் இரண்டு தடவை கரண்ட் போனதாம், நோட்டு இருந்ததால் வரிசை குலையவில்லையாம்.

"தப்புன்னு நீயே எழுதிட்டியா, எனக்குத் திட்ட ஒண்ணும் இல்லாமப் போச்சு."

ரிலீஸ் நோட்ஸ் நன்றாக இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை என்பதால், புகார் சொல்லிப் போன் வராத நாட்களைப் பாராட்டு விழா என்று கொண்டாடப் பழகிவிட்டேன்.