பதினேழாம் எண் ஓய்ந்த காலை

பதினேழாம் எண் வாடை இரண்டு நாள் ஊரைப் போட்டு உலுக்கிவிட்டுப் புதன்கிழமை விடியலில் ஓய்ந்தது. போகிற போக்கில் ஐஸ் கொட்டகையின் தகரக் கூரையைப் பிய்த்துப் பன்றித் தொழுவத்தின் மேல் எறிந்திருந்தது. தகரம் அறுத்துப்போட்ட இரண்டு பன்றிகளைக் காலையிலேயே கூறு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் அங்கே நின்ற ஆண்களில் ஒருவன் கண்ணும் இறைச்சியில் இல்லை. எல்லாரும் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பத்தில் சிவப்புக் கொடி; அது இறங்கும்வரை யாரும் கடலுக்குப் போகக்கூடாது. அதன் கயிறு நிக்கனோராவின் கையில்.

மீனவர் கூட்டுறவின் வானொலிப் பெட்டியும் ஒலிபெருக்கியும் கொடியும் பதினாறு வருடமாக அவள் பொறுப்பு. வேராக்ரூஸ் கரையில், இலையுதிர் காலம் தொட்டு வடக்கிலிருந்து வாடையோடு இறங்கும் ஒவ்வொரு குளிர்முகப்புக்கும் வானிலைக்காரர்கள் ஓர் எண் கொடுப்பார்கள். காலையும் மாலையும் வானொலியில் வரும் அந்த அறிக்கையை அவள் எழுதியெடுத்து ஊருக்குப் படிப்பாள். எல்லா எண்ணையும் படிப்பாள், ஒன்பதைத் தவிர. ஒன்பது வந்தால் "எட்டுக்கு அடுத்தது" என்பாள். அதற்கு ஊரில் யாரும் சிரிப்பதில்லை. ஐந்து குளிர்காலத்துக்கு முன், ஒன்பதாம் எண் ஓய்ந்த காலையில், புருஷன் எவாரிஸ்தோ கண்ணடித்துக் கேட்டான் என்பதற்காக அரை மணி முன்னதாகவே கொடியை இறக்கிவிட்டாள். அவன் முதல் ஆளாக முகத்துவாரத்தைத் தாண்டினான். மூன்றாம் நாள் அலையாத்திக் காட்டில் கிடந்தான். முகம் இல்லை. பெல்ட்டைப் பார்த்து அவன்தான் என்று சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் அறிக்கையை மட்டும் நம்புவதில்லை. தன் கண்ணை மட்டும் நம்புவதுமில்லை. காற்று நின்றதும் முகத்துவாரத்து மணல்திட்டைப் பார்த்தபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவாள். அதை ஒட்டிக் கடலுக்குப் போகும் வாய்க்காலின் குறுக்கே அலை வெள்ளையாக உடையாமல் ஆயிரம் வரை போனால் கொடி இறங்கும். நடுவில் உடைந்தால் மறுபடி ஒன்று. அன்று காலை மூன்று முறை ஒன்றுக்குத் திரும்பியிருந்தாள்.

ஆண்களுக்குப் பொறுக்கவில்லை. குளிர் இறங்கினால் காயலில் இருக்கும் சினை மடவை மீன் கூட்டம் கூட்டமாகக் கடலுக்கு ஓடும். அந்த ஓட்டம் சில மணி நேரம்தான். கொடி இறங்கியபின் முகத்துவாரத்தில் முதல் வலை போடுகிறவனுக்கு அன்றைக்கு முழுக்க வாய்க்கால் சொந்தம். மற்றவர்கள் ஓரத்தில் மிச்சம் பொறுக்கவேண்டியதுதான். வலை கிடக்கும்போது கொடி மறுபடி ஏறினால் அந்த உரிமை செத்தது. எல்லாரும் கரைக்கு வந்து சீட்டுக் குலுக்கவேண்டும். இந்தச் சட்டம் எந்தத் தாளிலும் இல்லை. இதற்காக இரண்டு கத்திக்குத்து நடந்திருக்கிறது.

"உங்கக்கா கொடிய இறக்குறதுக்குள்ள மடவை பேரன் பேத்தி எடுத்துரும்டா" என்றான் சத்துர்னீனோ. இந்தக் குளிர்காலத்தில் மூன்று முறை வாய்க்காலைப் பிடித்தவன் அவன். மூன்று முறையும் அவனிடம் தோற்றவன் சென்சோ, நிக்கனோராவின் தம்பி. அம்மா செத்த பிறகு அவள் தூக்கி வளர்த்தவன்.

சென்சோ கம்பத்தடிக்கு வந்தான். "அக்கா, காத்து இல்லக்கா. பாரு, சிகரெட்டுப் புகை நேரா மேல போவுது."

"காத்து ஓஞ்சிருச்சு. கடல் ஓயல. அலை மூணு மீட்டர்னு அறிக்கை. மத்தியானத்துக்கு மேலதான் எறங்கும்." அவள் மணல்திட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முந்நூற்று முப்பது.

"மத்தியானம் மீன் இருக்காது."

"நீ இருப்ப."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "தம்பிக்குப் பால் புட்டிய எடுத்துட்டு வாங்கடா" என்றான் சத்துர்னீனோ.

சென்சோ கையை நீட்டினான். "கயித்தக் குடு."

"சென்சோ, எட்டிப் போ."

"உம் புருஷன் செத்ததுக்கு ஊரே பட்டினி கெடக்கணுமா? குடுடி."

அவள் தம்பி அவளை ஒருநாளும் 'டி' போட்டதில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். சென்சோ புறங்கையால் அறைந்தான். கம்பத்தில் வாய் இடித்து, மேலுதடு கிழிந்து, ஒரு பல் நாக்கில் வந்து விழுந்தது. கீழே கிடந்தபடியே அவள் கண் மறுபடி மணல்திட்டுக்குப் போனது. முந்நூற்று நாற்பத்து ஒன்று. எண்ணிக்கை நிற்கவில்லை என்பது அவளுக்கே திகிலாக இருந்தது.

சென்சோ கொடியை இறக்கினான். கூட்டுறவுத் தலைவர் தோன் கிரிசாந்தோ தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "கொடி எறங்கிருச்சு" என்றார். "யார் எறக்கணும்னு சட்டத்துல இல்ல."

ஆறு இன்ஜின்கள் ஒரே நேரத்தில் இரைந்தன. கையில் வைத்திருந்த பன்றித் துண்டைப் போட்டுவிட்டு ஓடினவர்களும் உண்டு.

மற்ற நாலு படகும் பின்தங்கின. முகத்துவாரத்தில் சென்சோவும் சத்துர்னீனோவும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு வலையும் ஒரே நேரத்தில் தண்ணீரில் விழுந்ததைக் கரையிலிருந்தே பார்க்க முடிந்தது. சத்துர்னீனோ தன் படகின் மூக்கால் சென்சோ படகின் விலாவில் இடித்தான். சென்சோ துடுப்பை ஓங்கி அவன் தோளில் போட்டான். அடுத்த அடி தலையில். ஒருவன் வலையை ஒருவன் கத்தியால் கிழித்தார்கள். இரண்டு படகும் பின்னிக்கொண்டு, மணல்திட்டை நோக்கி மெதுவாக நகர்ந்தன. இருவரும் கடலுக்கு முதுகு காட்டி நின்றார்கள்.

ஒலிபெருக்கி நிலத்துக்குத்தான். இன்ஜின் இரைச்சலைத் தாண்டி அது அங்கே கேட்காது. நிக்கனோரா எழுந்து கொடியை எடுத்துக் கயிற்றில் மாட்டினாள்.

தோன் கிரிசாந்தோ அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "ஓரத்துல என் மருமகன் வலையும் கெடக்கு, பொண்ணு. இப்ப ஏத்தினா எல்லாருக்கும் நாசம்."

"கைய விடுங்க, தோன் கிரிசாந்தோ."

"வாயத் தொடச்சுக்க. ரத்தம் வருது."

கயிற்று முனையில் தொங்கிய இரும்புக் கொக்கியால் அவர் விரல்களில் அடித்தாள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவர் கையை மார்போடு சேர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொடி ஏறியது. எண்ணூற்று நாற்பது.

சண்டைக்காரர்களைத் தவிர எல்லாரும் பார்த்தார்கள். நாலு படகும் திரும்பின. யாரோ சங்கு ஊதினார்கள். சத்துர்னீனோ நிமிர்ந்தான், கொடியைக் கண்டான். சண்டை போட இனி ஒன்றும் இல்லை என்று புரிந்து, பின்னிய வலையை அறுத்து, படகைத் திருப்பினான். சென்சோவும் கண்டான். அவன் திருப்பவில்லை. படகில் எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, கம்பத்தையும் அதன் கீழ் நின்ற அக்காவையும் பார்த்தான். அவ்வளவு தூரத்திலும் அவன் திட்டுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

எண்ணூற்று எழுபத்து ஒன்றில் அலை உடைந்தது. வாய்க்காலின் குறுக்கே ஒரே வெள்ளைச் சுவர். சென்சோவின் படகு மூக்கைத் தூக்கி, செங்குத்தாக நின்று, முதுகுப்பக்கமாகக் கவிழ்ந்தது. இன்ஜின் காற்றில் ஒரு நொடி அலறியது.

சத்துர்னீனோதான் திரும்பிப் போனான். தலையில் துடுப்படி வாங்கி, ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தவன். சென்சோவின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து, பன்றியை இழுப்பதுபோல இழுத்துப் படகில் போட்டான். கரைக்கு வந்தபோது சென்சோவின் வலது கை தோளுக்குக் கீழே எந்தப் பக்கமும் திரும்பக்கூடியதாக இருந்தது.

மணலில் கிடந்து தண்ணீரைக் கக்கிவிட்டு அவன் அக்காவைத் தேடினான். "நீ கொடி ஏத்துனதாலதான் நின்னு பாத்தேன். இல்லன்னா வந்துருப்பேன்."

"வந்துருப்ப, நெஞ்சில தண்ணியோட" என்றான் சத்துர்னீனோ. "மூடிட்டுக் கெட."

தம்பி சொன்னது பொய் என்று நிக்கனோராவால் நினைக்க முடியவில்லை. அவனைத் திரும்பிப் பார்க்க வைத்தது அவள்தான். சத்துர்னீனோவை விலக்கி, பிறகு தம்பியைக் காப்பாற்றத் திரும்பிப் போகும்படி அவனை உயிரோடு வைத்ததும் அவள்தான். இரண்டையும் கூட்டினால் என்ன வருகிறது என்று ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை யோசித்தாள். ஒன்றும் வரவில்லை. ஒன்பதாம் எண்ணுக்கும் இப்படித்தான் ஐந்து வருடமாக ஒன்றும் வந்ததில்லை.

சாயங்காலம், கையில் கட்டோடு சென்சோவை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அதே நேரத்தில் அறிக்கை வந்தது. அவள் ஒலிபெருக்கியைத் திறந்தாள். உதட்டில் நாலு தையல்; பல் போன இடத்தில் காற்று சீறியது.

"குளிர்முகப்பு எண் பதினேழு தென்கிழக்கே போய்விட்டது. நாளை வானம் தெளிவு, காலையில் குளிர். கடல் இரண்டு மீட்டர். வெள்ளி பிற்பகல் தெற்கிலிருந்து வெப்பக்காற்று, அதன் பின்னால் எண் பதினெட்டு."

பதினெட்டு 'பதினெத்து' என்று வந்தது. தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவன் அப்படியே திருப்பிச் சொல்லிப் பார்த்தான். தோன் கிரிசாந்தோவின் வீட்டுச் சன்னல் சத்தமாகச் சாத்திக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் சென்சோவின் பெண்டாட்டி வானொலிக் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"மைனி" என்றாள், கதவு நிலையைப் பார்த்தபடி. "அவரு கேக்கச் சொன்னாரு. நாளைக்குக் கடல் எவ்வளவுன்னு காதுல விழலயாம். வாய்க்குள்ளயே முனகாம, சத்தமாப் படிக்கணுமாம்."

நிக்கனோரா தாளைத் திரும்பக் கையில் எடுத்தாள். உதட்டை ஒருமுறை நாக்கால் தடவிக்கொண்டு, ஒலிபெருக்கியில் முதல் வரியிலிருந்து படித்தாள்.